நாலாம் நம்பர் தளத்தில் இருந்தவள்

திங்கட்கிழமை காலை பதினொன்று பத்துக்குச் சேதி வந்தது. வின்னி டெலேனி அப்போது கொடியில் சட்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டைத் தொங்கவிட்டாயிற்று. மூன்றாவது, நீலக் கோடு போட்டது, பிழிந்த முறுக்கு விடாமல் கையில் இருந்தது. இரண்டாம் நம்பர் கேரவன் தளத்தில் இருக்கும் பெரியப்பா மகள் ஜூலியா, வீட்டுச் செருப்போடு மழைத்தண்ணீரை மிதித்துக்கொண்டு வந்தாள். கையில் செல்போன். சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் அதை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள்.

"வின்னி, உள்ள வாடி. உக்காந்து கேளு."

"இங்கயே சொல்லுக்கா."

"மைலி போயிட்டான். விடிகாலைல, மான்செஸ்டர் ஆஸ்பத்திரியில. நெஞ்சுவலின்னு கொண்டு போனாங்களாம். அவன் பொண்டாட்டியோட தம்பி இப்பத்தான் பேசினான்."

வின்னி கையிலிருந்த சட்டையை ஒரு உதறு உதறினாள். தோள்களைப் பிடித்து நேராக்கி இரண்டு கிளிப் மாட்டினாள். அப்புறம்தான் வெறுங்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். ஜூலியா நின்றபடியே அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கொடியில் மூன்று சட்டைகளும் காற்றில் கையை வீசின. மூன்றும் தம்பி மைலியினுடையவை. ஒன்பது வருஷமாக வாராவாரம் துவைத்தவை. அந்த ஒன்பது வருஷத்தில் அவற்றில் ஒன்றைக்கூட அவன் போட்டதில்லை.

ஏன் துவைத்தாள் என்று கேட்டால் பின்னால் கொஞ்சம் போக வேண்டும்.

டெலேனிகள் பயணக்காரர்கள், அயர்லாந்தில் தலைமுறை தலைமுறையாக வண்டியிலேயே குடியிருந்து ஊர்விட்டு ஊர் போகும் சனம். கில்ரோவனிலிருந்து கடற்கரைக்குப் போகும் பழைய சாலையின் புல்லோரத்தில்தான் வின்னியின் அப்பா வருஷத்துக்கு நாலு மாதம் வண்டியை நிறுத்துவார். குதிரை வாங்கி விற்பார், பழைய இரும்பு எடுப்பார். ஊர்க்காரர்கள் மனு மேல் மனுவாகப் போட்டார்கள். ஒரு பிப்ரவரியில் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, அந்தச் சாலையோரம் நெடுக ஆள் உயரத்துக்குப் பாறைகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டிருந்தது வட்டார நிர்வாகமான கவுன்சில். அப்பா இறங்கிப் போய் ஒரு பாறையைத் தட்டிப் பார்த்தார். "நல்ல பாறைதான். நம்ம மேல இவ்ளோ செலவு பண்ணுவாங்கன்னு நான் நெனைக்கல," என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் நின்ற இடத்தில் நிற்க விடாமல் ஓட்டினார்கள். அந்த ஓட்டத்திலேயே அப்பா போய்ச் சேர்ந்தார். அப்புறம் மேலிடத்துச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, சிமென்ட் ஆலைக்கு அப்பால், சுற்றுச்சாலை ஓரமாக, பயணக்காரர்களுக்கென்று கவுன்சிலே ஓர் இடம் கட்டியது. ஆறு சிமென்ட் தளங்கள். ஒவ்வொரு தளத்திலும் ஒரு கேரவன், அதாவது சக்கரம் வைத்த வீடு, நிறுத்தலாம். பக்கத்தில் குளியலறையும் அடுப்படியும் சேர்ந்த ஒரு சின்னக் கட்டடம். நுழைவில் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி. அதன் அடியில் கார் போகும், கேரவன் போகாது. கேரவன் உள்ளே வரவோ வெளியே போகவோ கேர்டேக்கர் டியர்னி சாவியோடு வந்து திறந்துவிட வேண்டும்.

நாலாம் நம்பர் தளம் மைலியின் பேருக்கு வந்தது. ஆண்பிள்ளை அவன் ஒருவன்தான். "உடன் வசிப்போர்: தாய், சகோதரி" என்று காகிதத்தின் கீழ்ப்பக்கம் எழுதியிருந்தது. மறுவருஷமே தாய் போனாள். அவள் படுத்திருந்த கேரவனைக் கல்குவாரிக்கு இழுத்துப் போய்க் கொளுத்தினார்கள். செத்தவர் படுத்த வண்டியில் இன்னொருவர் படுப்பது கிடையாது. மைலி கடன்பட்டுப் புதுசு ஒன்று வாங்கினான். பாலாடை நிறம், விளிம்பெல்லாம் பளபளக்கும் தகடு, கடைக்கோடியில் ஒரு பெரிய கட்டில், ஜன்னலோரம் ஒரு குறுகிய பெஞ்சுப் படுக்கை. அதில் எட்டு ராத்திரி படுத்தான். ஒன்பதாம் நாள் இங்கிலாந்தில் கூரை வேலை இருக்கிறதென்று கப்பல் ஏறினான். "ஒரே ஒரு குளிர்காலம்தான் வின்னி. இடத்தைப் பாத்துக்க," என்றான்.

அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வதற்கு ஒரு சட்டம் இருந்தது. உரிமைக்காரர் தொடர்ந்து நாலு வாரம் இல்லையென்றால் தளம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும், வரிசையில் அடுத்த குடும்பத்துக்குப் போகும். கில்ரோவனில் அந்த வரிசை நீளம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டியர்னி ஒரு நோட்டுப்புத்தகத்தோடு வந்து ஆறு தளத்தையும் பார்த்து, ஆள் இருக்கிறதா இல்லையா என்று குறித்துக்கொண்டு போவார்.

அதற்குத்தான் சட்டைகள். மைலி விட்டுவிட்டுப் போன மூன்றையும் வின்னி திங்கட்கிழமை தவறாமல் துவைத்து வெள்ளிவரை கொடியில் விட்டாள். அடுப்படியில் இரண்டு கோப்பை வைத்தாள். வாசலில் அவனுடைய பூட்ஸ் கிடந்தது. மழை பெய்தால் அதை எடுத்து உள்ளே வைப்பாள், வெயில் வந்தால் மறுபடி வெளியே. டியர்னி ஊர்க்காரர்தான், ஆனால் கண்ணில்லாதவர் இல்லை. இரண்டு மாதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மைலி டெலேனிக்கு நேராக ஒவ்வொரு வாரமும் "இருக்கிறார்" என்றே குறித்தார்.

ஒருநாள் காலர் நைந்துபோன சட்டையைப் பார்த்து, "ஒங்க தம்பி ரொம்ப சுத்தமான ஆளு வின்னி. சட்டைதான் தேயுது, ஆளு கொஞ்சங்கூடத் தேயல," என்றார்.

"அவன் வேலைக்குப் போயிருக்கான்," என்றாள் வின்னி.

"சரிதான். ராத்திரி வருவாரு. நான் ராத்திரி வர்றதில்ல," என்று சொல்லிவிட்டு ஐந்தாம் நம்பருக்குப் போனார்.

மைலி முதலில் ஞாயிறுதோறும் பேசினான். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும். எப்போது பேசினாலும் முதல் கேள்வி, "இடம் இருக்கா?" என்பதுதான். "இருக்கு," என்பாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேசுவதற்கு அதிகம் இருக்காது. மான்செஸ்டரிலேயே காத்லீன் என்கிற பயணக்காரப் பெண்ணைக் கட்டினான். கல்யாணத்துக்கு வின்னி போகவில்லை. போக வர நாலு நாள் ஆகும், வெள்ளிக்கிழமை குறுக்கே வந்தது. ஓர் அக்டோபரில் குதிரைச் சந்தைக்கு அவன் தனியாக வந்தான், மூன்று ராத்திரி பெரிய கட்டிலில் படுத்தான். எட்டும் மூன்றும் பதினொன்று. ஒன்பது வருஷத்தில் அந்தக் கேரவனில் அவன் படுத்தது அவ்வளவுதான்.

மற்ற ராத்திரிகளெல்லாம் வின்னி படுத்தாள், பெஞ்சில். பெரிய கட்டிலுக்கு வாரம் ஒருமுறை விரிப்பு மாற்றுவாள், ஆனால் அதில் உட்காரக்கூட மாட்டாள். அவளுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. டின்னி குவில்லிகன் என்று மனைவியை இழந்தவர் ஒருவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து தேநீர் குடித்தார். நல்ல மனுஷர், பேச்சுக்கும் நகைப்புக்கும் குறைவில்லாதவர். கட்டிக்கொண்டால் லிமெரிக்குக்குப் போக வேண்டியிருக்கும். தம்பி வந்ததும் சொல்கிறேன் என்றாள் வின்னி. அவர் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார்.

பகலில் அவள் கூடையை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போவாள். தலையணை உறை, காலுறை, பாத்திரம் துடைக்கும் துணி. பத்துப் பன்னிரண்டு வீடு வாடிக்கை. பிரெண்டர்காஸ்ட் என்ற வயதான அம்மாள் வாராவாரம் இரண்டு துணி வாங்குவார். அத்தனை துணிக்கு அந்த வீட்டில் பாத்திரம் கிடையாது என்பது வின்னிக்குத் தெரியும். வாசல்படியில் நின்று அரை மணி பேசுவார்கள். மழையைப் பற்றி, முட்டுவலியைப் பற்றி, கனடாவில் இருக்கும் மகனைப் பற்றி. உள்ளே வா என்று அவர் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் என்ன செய்வது என்று வின்னிக்கும் தெரிந்திருக்காது.

இதில் வின்னி செய்த தவறு ஒன்று உண்டு. தவறு என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நாலாவது வருஷம் கவுன்சிலிலிருந்து மிஸ் ஹாலரன் வந்தார். இந்த மாதிரி இடங்களையெல்லாம் கவனிக்கும் அதிகாரி, இளம்வயது, நிதானமான பேச்சு. டியர்னியின் நோட்டுப்புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்தது. அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. உரிமையை வின்னியின் பேருக்கு மாற்றிவிடலாம், ஒரே ஒரு கையெழுத்து, அப்புறம் யாருக்கும் தொல்லை இல்லை என்றார். வின்னி பேனாவைக் கையில் வாங்கினாள். காகிதத்தில் மைலியின் பேருக்கு மேல் ஒரு கோடு கிழித்திருந்தது. அந்தக் கோட்டை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். உயிரோடு இருக்கிறவன் பேரைக் கோடு போட்டு அடித்து, அதன்மேல் தன் பேரை எழுதுவதா? அது அவன் கண்ணைத் தானே மூடிவிடுவது மாதிரி. வேண்டாம் மிஸ், அவன் வந்துவிடுவான் என்று சொல்லிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். பயணக்காரர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மைலியின் உடல் வியாழக்கிழமை கப்பலில் வந்தது. சனிக்கிழமை பூசை வைத்து அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். ஆறு மாவட்டத்திலிருந்து சனம் வந்திருந்தது. சுற்றுச்சாலையில் அன்றைக்கு வண்டிகள் நின்ற நீளத்தைப் பார்த்துப் போலீஸ்காரர்களே ஒதுங்கி நின்றார்கள். வின்னிக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள், பாவம், எவ்வளவு காலம் அவனுக்காகக் காத்திருந்தாய் என்றார்கள். அதற்கும் அவள் தலையாட்டினாள்.

அடக்கம் முடிந்து ஜூலியாவின் கேரவனில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மைலியின் மனைவி காத்லீன் வின்னியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கெட்டவள் அல்ல. நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னாள்.

"போன வருஷத்துலேர்ந்தே ஒடம்பு முடியல அண்ணி. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும். பாதிப் படியில உக்காந்துருவாரு. நான் கீழ் ரூமுக்குக் கட்டில எறக்கிரலாம்னு சொல்லிட்டே இருந்தேன்."

"என்ன படி?" என்றாள் வின்னி.

"வீட்டு மாடிப்படி. ஆறு வருஷமா நாங்க வீட்லதான இருக்கோம். அங்க கவுன்சில் குடுத்தது. பின்னால சின்னத் தோட்டம்கூட இருக்கு. அவரு சொல்லலையா?"

சொல்லவில்லை. செங்கல் வீடு, மாடி, தோட்டம். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் "இடம் இருக்கா?" என்று கேட்டவன் அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டிருப்பான். ஜூலியாவின் காதிலும் விழுந்தது. அவள் சட்டென்று எழுந்து, இல்லாத சர்க்கரையைத் தேட ஆரம்பித்தாள். சிறிது நேரம் கழித்து யாரோ கேரவனைப் பற்றிப் பேச்செடுத்தபோது காத்லீன், "எந்தக் கேரவன்?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜூலியாவின் அண்ணன் சைமி, வின்னியின் தளத்துக்கு வந்தார். குடும்பத்தில் இப்போது மூத்தவர் அவர்தான். இரண்டு மாவட்டம் தள்ளிச் சொந்தத்தில் கொஞ்சம் நிலமும் ஒரு கொட்டகையும் வைத்திருந்தார். கேரவனைச் சுற்றி ஒருமுறை நடந்தார், டயரைக் காலால் தட்டினார். பிறகு வந்து பெஞ்சில் உட்கார்ந்து கையைப் பிசைந்தார். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மைலியின் சட்டை, பூட்ஸ், கட்டில் விரிப்பு எல்லாவற்றோடும் மைலியின் கேரவனையும் குவாரிக்கு இழுத்துப் போய்க் கொளுத்த வேண்டும். கொளுத்திவிட்டால் தளத்தில் கேரவன் இல்லை. கேரவன் இல்லாத தளம் நாலு வாரத்தில் இன்னொருவருக்குப் போகும். வின்னி எங்கே போவாள்?

சைமி நிறைய யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அவன் படுத்தது பதினோரு ராத்திரி. நீ படுத்தது ஒன்பது வருஷம். செத்ததும் இங்கே இல்லை. அப்படியிருக்க இது அவன் வண்டியா உன் வண்டியா என்பதை நீதான் சொல்ல வேண்டும். என்னுடையது என்று நீ சொன்னால் ஒரு பயலும் வாயைத் திறக்க மாட்டான், திறந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுமையாகச் சொன்னார். அவசரமில்லை என்றும் சொன்னார்.

மறுநாள் மிஸ் ஹாலரனும் வந்தார். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து முதலில் துக்கம் விசாரித்தார். பிறகு அவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். உரிமை இறந்தவர் பேரில் இருக்கிறது, அது முடிந்துவிட்டது. புதிதாக மனுப் போட வேண்டும். மனுவில் முக்கியம் இரண்டு விஷயம்: சொந்தமாக ஒரு கேரவன், இந்த இடத்தில் எத்தனை வருஷமாக வசிக்கிறீர்கள் என்பது. வருஷத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். உரிமைக்காரரோடு உடன் வசித்த வருஷம் கணக்கில் வராது, தனியாக இருந்த வருஷம்தான் வரும். ஒன்பது வருஷம் என்று எழுதினால் வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. கேரவன் என்னுடையது, ஒன்பது வருஷமாக நான் இங்கே இருக்கிறேன். இந்த இரண்டு வரி போதும். மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவர் போன பிறகு ஜூலியா சோடா ரொட்டியும் வெண்ணெயுமாக வந்தாள். வின்னி சாப்பிடவில்லை. ஜூலியாவுக்குப் பொறுக்கவில்லை. வாய்க்கு வந்தபடி மைலியைத் திட்டினாள், அடக்கம் பண்ணி மூன்று நாள்கூட ஆகாதவனைத் திட்டுகிறோமே என்று சிலுவை போட்டுக்கொண்டாள், மறுபடியும் திட்டினாள்.

"அவன் மாடி வீட்ல மெத்தையில பொரண்டுருக்கான். நீ இந்தப் பலகையில முதுகு ஒடியப் படுத்துருக்க. இதுக்கு மேலயும் இது அவன் வண்டியா? எவளாவது சொல்லுவாளா? என்னோடதுன்னு ஒரு வார்த்த சொல்லுடி. நாக்கு வெந்துருமா?"

வின்னி கட்டில் விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். முதல்முறையாக அந்தப் பெரிய கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அவனோடதுன்னா நான் ஒருத்தனுக்கு எடம் காத்தேன்னு இருக்கும். என்னோடதுன்னா, ஒன்பது வருஷம் தனியா இருந்தேன்னு ஆயிரும்க்கா."

ஜூலியா ரொட்டித் தட்டை மூடி வைத்தாள்.

கேரவனைக் கொண்டுபோக அனுமதி கேட்டு டியர்னியிடம் சொல்லியனுப்பினாள். இரண்டு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது விதி. டியர்னி வியாழக்கிழமை காலை சாவியோடு வந்து நின்றார். குறுக்குக்கம்பியைத் திறப்பதற்கு முன்னால் ஒருமுறை வின்னியைப் பார்த்தார். வெளியே போனால் இது மறுபடி உள்ளே வராது என்பதை நினைவுபடுத்துகிற பார்வை. அவள் தலையசைத்தாள். அவர் திறந்தார். சைமியின் வண்டி கேரவனை இழுத்துக்கொண்டு போனபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

குவாரியில் காஸ் சிலிண்டர்களை முதலில் இறக்கினார்கள். பீங்கான் கோப்பைகளைப் பெண்கள் உடைத்தார்கள். சட்டைகளைப் பெரிய கட்டிலின்மேல் விரித்து வைத்தது வின்னி. இஸ்திரி போட்டுத்தான் கொண்டுவந்திருந்தாள். சைமி நெருப்பு வைத்தார். புதுமாதிரிக் கேரவன்கள் வேகமாக எரியும். இருபது நிமிஷத்தில் சுவரெல்லாம் போய் அடிச்சட்டம் தெரிந்தது. புகையைப் பார்த்து ஊரிலிருந்து தீயணைப்பு வண்டி ஒன்று வந்தது. அதிலிருந்து இறங்கியவர் எல்லோரும் கறுப்பு உடுத்தியிருப்பதைப் பார்த்து, எதுவும் கேட்காமல், குழாயை எடுக்காமல், அணையும்வரை ஓரமாக நின்றார். அவருக்கும் யாரோ தேநீர் கொடுத்தார்கள். பழைய இரும்புக்காரன் அடிச்சட்டத்தைச் சாயங்காலமே எடுத்துக்கொண்டு போனான். வின்னி அழுதாளா என்றால், இல்லை. தரை ஆறியதும் காலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள்.

ராத்திரிகளில் ஜூலியாவிடம் படுத்துக்கொண்டாள். பகலில் நாலாம் நம்பர் தளத்துக்கு வந்து அந்தச் சின்னக் கட்டடத்தின் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். கேரவன் நின்ற சிமென்ட் மட்டும் மற்ற இடத்தைவிட வெளுத்து நீளமாகத் தெரிந்தது. அதற்குள் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

மூன்றாவது வாரம் மிஸ் ஹாலரன் மனுவோடு வந்தார். கேரவன் எரிந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. பரவாயில்லை, புதிதாக ஒன்று வாங்க கவுன்சிலில் கடன் உண்டு, அதற்கு வழி இருக்கிறது, மனு மட்டும் போட்டுவிடுங்கள் என்றார். பாத்திரம் கழுவும் தொட்டிமேல் காகிதத்தை வைத்து வின்னி எழுதினாள். எழுத்து மெதுவாகத்தான் வரும். பேர்: வினிஃப்ரெட் டெலேனி. அந்தப் பேரை அவள் முழுசாக எழுதிப் பல வருஷம் ஆகியிருந்தது. குடியிருக்கப்போகும் நபர்கள்: 1. அடுத்தது, இந்த இடத்தில் தனியாக வசித்த காலம். அங்கே பேனா நின்றது.

மிஸ் ஹாலரன் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஒன்பதுன்னு போடுங்க. பொய் இல்லையே வின்னி. நானே பார்த்திருக்கேன்."

"நான் இருந்தேன்னு எழுதினா, அவன் இல்லேன்னு ஆகுமே மிஸ். ஒன்பது வருஷமா வாராவாரம் டியர்னி அவன் இருக்கான்னு எழுதிக் குடுத்திருக்காரு. ரெண்டும் ஒரே ஆபீஸ்லதான இருக்கும்?"

மிஸ் ஹாலரன் நிமிர்ந்தார். டியர்னிக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. யாரும் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்றார் கடைசியில். அப்படிச் சொன்ன குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

வின்னி சிரித்தாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை முதலில் பார்த்தவர் மிஸ் ஹாலரன்தான். "டியர்னி நல்ல ஆளு. சட்டையப் பாத்து ஆள எழுதினாரு. அவர மாட்டிவிட்டுட்டு நான் அந்தத் தளத்துல எப்படித் தூங்குவேன்?" என்றாள். பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டாள். வட்டம் சரியாக மூடவில்லை என்று இன்னொரு முறை அதன்மேல் எழுதினாள்.

பூஜ்யம் வருஷத்துக்கு வரிசையில் பன்னிரண்டாவது இடம் கிடைத்தது. நாலாம் நம்பர் தளம் ஒரு பெர்ரி குடும்பத்துக்குப் போயிற்று. இளம் தம்பதி, கைக்குழந்தை ஒன்று. அதுவரை கப்பல்துறைக்குப் பின்னால் லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தவர்கள். அந்தப் பெண் வந்து வின்னியிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றாள். தண்ணீர்க் குழாய் குளிரில் உறைந்தால் எந்த இடத்தில் வெந்நீர் ஊற்ற வேண்டும் என்று வின்னி அவளுக்குக் காட்டினாள். குழந்தையை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

வின்னிக்காகச் சைமி தன் நிலத்தில் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பழைய சின்னக் கேரவனைச் சரிசெய்து வைத்திருந்தார். அங்கே வாடிக்கை வீடு ஒன்றுகூடக் கிடையாது. அக்கம்பக்கம் மூன்று மைலுக்கு வீடே கிடையாது. போவதற்கு முன் வின்னி பிரெண்டர்காஸ்ட் அம்மாள் வீட்டுக்குப் போய் மணியடித்தாள். அம்மாள் முட்டிக்கு வைத்தியம் பார்க்க டப்ளினுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். இரண்டு துணியை மடித்து வாசல் கம்பியில் செருகிவிட்டு வந்தாள்.

சைமி அவளை அழைத்துப்போக வருவதாகச் சொன்னது புதன்கிழமை மத்தியானம். ஓர் இடத்தை விட்டுப் போகும்போது அழுக்கோடு விட்டுப் போனாள் என்று பின்னால் வருகிறவர்கள் சொல்லக் கூடாது. காலையிலேயே டியர்னியிடம் ஒரு வாளி சுண்ணாம்பும் மட்டையும் வாங்கி, தளத்தைச் சுற்றியிருக்கும் குட்டைச் சுவருக்கு அடிக்கத் தொடங்கினாள். ஜூலியா வந்து, குடிபோகிற இடத்துக்குத்தான் எல்லோரும் வெள்ளையடிப்பார்கள், விட்டுப் போகிற இடத்துக்கு அடிக்கிற கிறுக்கச்சி நீதான் என்று சொல்லிவிட்டுத் தானும் ஒரு மட்டையை எடுத்துக்கொண்டாள். சிமென்ட் ஆலைப் பக்கம் முடிந்தது. பின்பக்கம் முடிந்தது. ஐந்தாம் நம்பருக்கு நடுவில் இருக்கும் சுவரும் முடிந்தது. வாசல் பக்கத்தில் பாதி போய்க்கொண்டிருக்கும்போது சைமி ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். வழியில் பனி பெய்யும்போல் இருக்கிறது, இப்போதே கிளம்பினால்தான் வெளிச்சத்தில் போய்ச் சேரலாம் என்றார். வின்னி கையைக் கழுவிக்கொண்டு கோட்டைப் போட்டாள். மிச்சத்தை நான் அடித்துவிடுகிறேன் என்றாள் ஜூலியா.

ஜூலியா முடிப்பதற்குள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் பெர்ரி குடும்பத்தின் கேரவன் உள்ளே வந்தபோது, வாசல் சுவரில் குழாயடியிலிருந்து மூலைவரை சுமார் நாலடி நீளம் சுண்ணாம்பு படாமல் இருந்தது.